வலது மீசையும் டிஸ்பாட்ச் நாற்காலியும்

எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் என்னைப் பிடிக்கவில்லை. ரெண்டு பேரும் சண்டை சச்சரவு இல்லாமல் சீக்கிரமே பிரிந்துவிட்டோம். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று எழுதுவாள். எழுதட்டும், படித்த பெண். ஆனால் யாராவது வாய் திறந்து பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். திருவொற்றியூரில் ஒருத்தர்கூட 'இருக்கிறது' என்று பேசி நான் கேட்டதில்லை.

நான் சலூன்காரன். எழுபதுகளில் திருவொற்றியூர் மெயின் ரோட்டில், ஒரு பெரிய கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரில் கடை வைத்திருந்தேன். இந்தப் பக்கம் டீக்கடை, அந்தப் பக்கம் சைக்கிள் கடை. நடுவில் ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, எதிரும் புதிருமாக ரெண்டு கண்ணாடி, நான். தொழிலில் நான் ஒன்றும் பெரிய கில்லாடி கிடையாது. என் தலையில் அப்போதே முடி கிடையாது. "சொந்தத் தலயவே காப்பாத்தத் தெரியாதவன்கிட்ட ஊரான் தலய குட்த்துட்டு குந்திகினு கீறானுங்க பாரு" என்று டீக்கடைக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவர் போடும் டீயைக் குடித்திருந்தால் உங்களுக்கே தெரியும், அந்த ஆள் யாரையும் குறை சொல்லக் கூடாது.

எதிரில் இருந்த கம்பெனி இரும்புச் சாமான்களைச் செய்து, பெட்டியில் அடைத்து, துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும். அந்தக் கம்பெனியை நடத்தியது யார் என்று கேட்டால் டைரக்டர்கள் என்பார்கள். ஹெட் ஆபீஸ் என்பார்கள். சும்மா. அதை நடத்தியது என் பெஞ்சு.

எப்படி என்று சொல்கிறேன். அங்கே ஜெனரல் மேனேஜராக இருந்தவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். அவருக்கு மூக்குக்குக் கீழே ஒரு மீசை. கோடு கிழித்த மாதிரி மெல்லிசாக, ரெண்டு பக்கமும் ஒரே அளவாக, நடுவில் ஒரு சின்ன இடைவெளியோடு இருக்கும். அவர் தன் பெண்டாட்டியைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். மதியம் சங்கு ஊதியதும் நேராக என் கடைக்கு வந்து ஷேவிங் செய்துகொண்டு மீசையைச் செதுக்கிக்கொண்டு போவார்.

பெரியவர் வருகிறார் என்று தெரிந்ததும் ஸ்டோர்ஸ் ஆபீசருக்குச் சனிக்கிழமைதோறும் முடி வளர ஆரம்பித்தது. அடுத்து கணக்கு ஆபீசர். அவருக்கு வெட்டுவதற்கு முடியே கிடையாது. நானும் அவரும் ஒரே ஜாதி, வழுக்கை ஜாதி. இருந்தும் வாரம் தவறாமல் வருவார். நான் காற்றில் கத்தரிக்கோலை ஓட்டிவிட்டு, பவுடர் அடித்து அனுப்புவேன். மூன்றாவதாக ஒரு சின்ன வயசு ஆபீசர். சாயங்காலம் பெரியவரோடு டென்னிஸ் ஆடுவதற்காக எங்கே போனாலும் மட்டையோடுதான் போவார். நாங்கள் அவரை மட்டைக்காரர் என்போம். ராத்திரியில் பெரியவர் வீட்டுச் சீட்டாட்டத்திலும் அவருக்கு இடம் உண்டு. தோற்கத் தெரிந்த ஆள் என்று பேர் வாங்கியவர்.

இந்த மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். யாரை எந்த வேலைக்குப் போடலாம், யாரைத் தூக்கி எண்ணூர் பக்கம் இருக்கும் குடோனுக்கு அடிக்கலாம், எல்லாம் அங்கேதான். ஸ்டோர்ஸ் ஆபீசர் மடியில் காகிதத்தை வைத்துக் குறித்துக்கொள்வார். பெரியவர் நாற்காலியில் மூஞ்சி முழுக்க நுரையோடு கேட்டுக்கொண்டிருப்பார். கத்தி ஓடும்போது வாயைத் திறக்க முடியாதே. முடிந்ததும் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் மீசையைப் பார்த்து, "சரி, அப்படியே பண்ணிடலாம்" என்பார். அவ்வளவுதான். திங்கட்கிழமை அது ஆர்டராக டைப் அடித்து வந்துவிடும்.

பல வருஷம் அந்த ஆர்டர்களை டைப் அடித்தது ஒரு பெண். அவரைப் பற்றித்தான் இந்தக் கதையே. ராயபுரத்தில் மாதா கோயில் பக்கத்துத் தெரு. டைப்பிஸ்டாகச் சேர்ந்து, டிஸ்பாட்சில் கிளார்க் ஆகி, அப்புறம் அங்கேயே உதவி மேனேஜர் வரைக்கும் வந்திருந்தார். டிஸ்பாட்ச் என்றால் பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்புகிற டிபார்ட்மெண்ட். மேனேஜராக இருந்தவர் வயசானவர், பாதி நாள் லீவு, மீதி நாள் தூக்கம். வேலையெல்லாம் இந்தம்மாதான். அந்த வயசானவர் ரிடையர் ஆகப் போகிறார் என்ற பேச்சு வந்ததும் பெஞ்சில் மட்டைக்காரர் பேர் அடிபட ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை, அந்தம்மா ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு என் கடைப் படியேறினார்.

ஆம்பளைகள் சலூனில் அந்தக் காலத்தில் ஒரு பொம்பளை கால் வைத்ததை நான் பார்த்ததில்லை. என் பெண்டாட்டியே சோறு கொண்டுவந்தால் ரோட்டில் நின்று கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிடுவாள். பெஞ்சில் இருந்த மூன்று பேரும், பாம்பு வந்த மாதிரி, காலைத் தூக்கிக்கொண்டார்கள். நான் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"மாஸ்டர், எங்க நைனாவுக்கு ஷேவிங். இவருக்கு கண்ணு கொஞ்சம் மங்கல். அதான் கூட வந்தேன்" என்றார் அந்தம்மா. கிழவரை பெஞ்சில் உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிட்டார். ஏதோ அவருக்கென்று எழுதி வைத்த இடம் மாதிரி.

கிழவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். அந்தச் சத்தத்திலேயே இருந்து காது போய்விட்டது. காது போனவர்கள் சும்மா இருந்தால் பரவாயில்லை. இவர் எல்லோரையும் தன்னைப் போல நினைத்துக்கொண்டு, கப்பல் மேல் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவார்.

"எங்க தெருவுலயே மூணு சலூன் கீது நைனா!" என்று என்னைப் பார்த்து முழங்கினார். "இவ இன்னாடான்னா பஸ்ஸு ஏத்தி இங்க வரச் சொல்றா. உன் கத்தி இன்னா தங்கத்துல பண்ணதா?"

"தகரம் பெர்சு" என்றேன்.

"இன்னா சொல்றான்?"

"தங்கந்தானாம் நைனா" என்றார் மகள், பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்றைக்குப் பெஞ்சில் ஒரு முடிவும் ஆகவில்லை. எப்படி ஆகும்? ஸ்டோர்ஸ் ஆபீசர் குனிந்து கணக்கு ஆபீசர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். உடனே கிழவர், "இன்னாவாம்?" என்றார். அந்தம்மா அமைதியாக, ஆனால் கிழவருக்குக் கேட்கிற மாதிரி, "அந்த பேக்கிங் செக்ஷன்ல ஒருத்தர குடோனுக்கு மாத்தலாம்னு சொல்றாங்க நைனா" என்றார். அது டீக்கடை தாண்டி, சைக்கிள் கடை தாண்டி, மாற்றப்பட வேண்டியவன் காது வரைக்கும் போயிருக்கும். ஸ்டோர்ஸ் ஆபீசர் அதற்கப்புறம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் நுரைக்குள்ளிருந்து "ம்ம்" என்றார். மட்டைக்காரர் மட்டையின் நரம்பை எண்ணினார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்ததும். கிழவருக்கு வாரத்துக்கு வாரம் ஷேவிங் செய்கிற அளவுக்கு தாடி கிடையாது. நான் என்ன செய்வேன், கன்னத்தைக் கழுவி அனுப்புவேன்.

ஸ்டோர்ஸ் ஆபீசர் பொறுக்க முடியாமல் ஒரு நாள் என்னை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஏம்பா, கடை நடத்துற லட்சணமா இது? லேடீஸ் வரக்கூடாதுன்னு சொல்லிடு. நாங்க சொன்னோம்னு சொல்லாதே."

"நீங்க சொன்னீங்கன்னு சொல்லாம நான் இன்னான்னு சார் சொல்றது?"

"அதெல்லாம் நீ பாத்துக்கோ. இல்லைன்னா நாங்க வேற கடை பாத்துக்குவோம்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் நான் எப்போதும் கெட்டிக்காரன். அந்தச் சனிக்கிழமை ஆபீசர்கள் வருவதற்கு முன்னாலேயே அப்பாவும் மகளும் வந்துவிட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யம்மா, தப்பா நெனச்சுக்காத. இது ஆம்பளைங்க வந்து போற எடம். கலீஜா பேசுவானுங்க. நீ வந்து குந்திகினு இருந்தா…" என்று இழுத்தேன்.

"நான் முடி வெட்டிக்கவா வந்தேன் மாஸ்டர்? எங்க நைனாவ இட்டாந்தேன். கண்ணு தெரியாதவர ரோட்டுல வுட்டுட்டு பூடச் சொல்றீங்களா?"

"இன்னா சொல்றான்?" என்றார் கிழவர்.

"உனுக்கு ஷேவிங் பண்ண மாட்டாராம் நைனா."

"ஏன்? என் மூஞ்சில இன்னா, கப்பலு அடில புடிக்கிற மாதிரி பாசி புடிச்சி கீதா?" என்று கிழவர் போட்ட சத்தத்தில் சைக்கிள் கடைக்காரர் பம்போடு ஓடி வந்துவிட்டார். டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். "பெரிய மனுசன்கிட்ட இன்னாயா தகராறு உனுக்கு?" என்று என்னைத்தான் திட்டினார்கள். நான் கிழவரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, எப்போதும் போடுவதைவிட ரெண்டு மடங்கு நுரை போட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

நுரை போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தம்மா சொன்னார். "மாஸ்டர், உங்க கடைய எனக்கு ரொம்ப வருசமா தெரியும். இங்க நான் வந்ததில்லயே தவிர."

"எப்டிமா?"

"திங்கக்கெழம டைப் அடிக்க வர்ற டிராப்ட்ட பிரிச்சா, உள்ளேருந்து முடி கொட்டும். என் மெஷின்ல பூந்து எழுத்து சிக்கிக்கும். கட்டை முடி, நரச்ச முடி, எல்லாம். எங்கேருந்து வருதுன்னு எத்தினி நாளு யோசிச்சேன் தெரியுமா? ஒரு தபா கேட்டு வழியா வெளில வரும்போது அவங்க நாலு பேரும் பவுடரும் கையுமா உங்க படி எறங்கினாங்க. புரிஞ்சுகிச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு கம்பெனியின் ரகசியம் என் கடைக் குப்பையால் வெளியே போயிருக்கிறது. நான் ஒழுங்காகத் தரையைப் பெருக்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

"உனுக்கு இப்ப இன்னாதான்மா வேணும்?" என்றேன்.

அவர் பின்னுவதை நிறுத்தினார். "டிஸ்பாட்ச் மேனேஜர் சீட்டு. பெட்டிய கப்பலேத்துறது நான். கையெழுத்து போடறது வேற ஆளு. இத்தினி வருசமா அப்டியே ஓடுது. இந்தத் தடவயும் வுட்டேன்னு வைங்க, மட்டைக்காரரு வந்து குந்திடுவாரு. அவருக்கு வேலய கத்துக் குடுக்கற வேலையும் எனக்குத்தான் வரும். அப்புறம் அவரு ரிடையர் ஆகறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்."

"அத ஆபீஸ்ல பெரியவர்கிட்டயே சொல்லலாம்ல?"

"சொல்லிட்டேன். 'பார்க்கலாம்'னாரு. மறுபடியும் போனேன். 'அதான் பார்க்கலாம்னு சொன்னேனே'ன்னாரு." நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "மாஸ்டர், ஷேவிங் பண்ணும்போது அவரு பேசுவாரா?" என்று கேட்டார்.

"பேசினா கயுத்து பூடும்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசியை ஓட்ட ஆரம்பித்தார்.

அந்த வயசானவருக்கு மாலை போட்டு, காராசேவு கொடுத்து அனுப்பி வைத்தார்கள். அவருடைய நாற்காலி காலி. அடுத்து வந்த சனிக்கிழமை பெரியவர் முடிவு சொல்ல வேண்டும். டீக்கடையில் பந்தயமே நடந்தது. மட்டைக்காரர் பக்கம்தான் கூட்டம். டீக்கடைக்காரர் மட்டும் அந்தம்மா பக்கம். நியாயத்துக்காக இல்லை. மட்டைக்காரர் டீ வாங்கிக் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்பாராம்.

சங்கு ஊதியது. பெரியவர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். பெஞ்சில் இந்தப் பக்கம் ஸ்டோர்ஸ், கணக்கு, மட்டை. அந்தப் பக்கம் கிழவர், மகள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது, பாகிஸ்தான் பார்டர் மாதிரி. நான் துண்டைக் கட்டி, நுரை போட்டு, கத்தியை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். மட்டைக்காரர், "சார், அந்த டிஸ்பாட்ச் விஷயம்…" என்று ஆரம்பித்தார்.

"அதத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்" என்று அந்தம்மா எழுந்து நின்றார். கண்ணாடியில் பெரியவரின் கண் உருண்டது. "சார், நீங்க இப்ப பேச முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இப்ப பேசறேன். ஆபீஸ்ல நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள 'பார்க்கலாம்'னுடறீங்க. இங்க அந்தக் கஷ்டம் இல்லை."

பெரியவர் "ம்ம்?" என்றார். நான் கத்தியைத் தாடைக்குக் கீழே இறக்கினேன். வேண்டுமென்று இல்லை. அங்கேதான் அடுத்து இறங்க வேண்டும்.

"போன மழைக்கு வேகன் எல்லாம் யார்டுல நின்னு போச்சே, கப்பல் கிளம்பறதுக்குள்ள பெட்டி எப்படி சார் போய்ச் சேர்ந்துச்சு? கூட்ஸ் ஷெட்டுல பில் போடறது எங்க தெரு பொண்ணு. எந்த லைன் முதல்ல தொறக்கும்னு எனக்கு சொன்னா. ஹார்பர் ஆபீஸ்ல டெலிபோன் எடுக்கறவ என்கூட படிச்சவ. கப்பல் ஒரு நாள் லேட்டாதான் கிளம்பும்னு அவ சொன்னா. கஸ்டம்ஸ்ல ஸ்டெனோவா இருக்கறவ சர்ச்சுல என் பக்கத்துல நின்னு பாடறவ. எந்தப் பேப்பர் இல்லாம நம்ம பெட்டி நிக்குதுன்னு அவ சொன்னா. காலைல ரயில்ல லேடீஸ் பெட்டியில ஏறினா, இறங்கறதுக்குள்ள துறைமுகத்துல அன்னிக்கு என்ன நடக்கப் போகுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும். இவருக்கு" என்று மட்டைக்காரரைக் காட்டினார், "உங்களைத் தெரியும். உங்ககூட சீட்டாடறவங்களைத் தெரியும். பெட்டி போய்ச் சேர்ற வழியில இருக்கற ஒருத்தரையும் தெரியாது."

"இன்னா சொல்ற?" என்றார் கிழவர்.

"என்னைப் பத்தி சொல்றேன் நைனா!"

"ஆங், சொல்லு சொல்லு!"

கணக்கு ஆபீசர் எழுந்தார். "மேடம், இதெல்லாம் பேசற இடமா இது? சலூன்ல நின்னுகிட்டு!"

"இதுதான் இடம்னு நான் வெக்கல சார். நீங்கதான் வெச்சீங்க. ஆபீஸ்லதான் பேசணும்னா சொல்லுங்க, திங்கட்கிழமை உங்க ரூமுக்கு வரேன். நீங்க இங்க முடி வெட்டிக்க வர்றத நிறுத்தறதா இருந்தா."

அந்த வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டு அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, தோளுக்கு ஏறி, கைக்கு இறங்குகிற சிரிப்பு. அந்த நேரம் என் கத்தி பெரியவரின் மீசை ஓரத்தில் இருந்தது.

சரக்.

கத்தியில் பார்த்தேன். நுரைக்குள் ஒரு மீசை படுத்திருந்தது. வலது பக்கம்.

நான் செய்த முதல் காரியம், நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பியது. எதிர்ப் பக்கம் ஒரு கண்ணாடி இருந்ததே, அதற்கு முன்னால் நானே போய் நின்றுகொண்டேன். நுரையைத் துடைத்தேன். மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு பக்கம் மீசையும் ஒரு பக்கம் வெறும் தோலுமாகப் பெரியவர் முகம் வெளியே வந்தது.

பெரியவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன?" என்றார். பெஞ்சில் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். "என்னய்யா? எப்படி இருக்கு?"

"பிரமாதம் சார்" என்றார் ஸ்டோர்ஸ்.

"அளவா இருக்கு சார்" என்றார் கணக்கு.

"ரொம்ப ஸ்மார்ட்டா இருக்கு சார். இளமையா" என்றார் மட்டைக்காரர். அதைச் சொல்லும்போது அவர் வலது பக்கம் பார்க்காமல் இடது பக்கம் மட்டுமே பார்த்தார். தோற்கத் தெரிந்த ஆள் என்று சும்மாவா சொன்னார்கள்.

"பாதிதான் இருக்கு சார்" என்றார் அந்தம்மா. "வலது பக்கம் போயிடுச்சு."

பெரியவர் என்னை ஒரு கையால் தள்ளிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஓடுவதற்குச் செருப்பைத் தேடினேன். ஒரு செருப்பு நாற்காலிக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கே முகத்துவாரக்குப்பம் போய் மீன் பிடிக்க ஆரம்பித்திருப்பேன். அங்கே எனக்கு ஒரு மச்சான் இருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் மங்கல் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்த கிழவர், "இன்னாடா இது, இந்தாளு பாதி மீசயோட கீறாரு? புது பேஷனா?" என்று கேட்டார். எதிரே கம்பெனி கேட்டை மூடிக்கொண்டிருந்த வாட்ச்மேன் ரோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் கண்ணாடியிலேயே அந்தம்மாவைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "இப்ப என்ன பண்றது?" என்றார். ஒரு பெரிய கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் கேட்ட கேள்வி அது. எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"மீதியையும் எடுத்துடுங்க சார். திங்கட்கிழமை ஒரு நாள் எல்லாரும் பார்ப்பாங்க. செவ்வாய்க்கிழமை மறந்துடுவாங்க. பாதியோட போனீங்கன்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க."

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் இடது பக்கத்தையும் எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயபக்தியோடு நான் கோயிலில்கூட நின்றதில்லை. முடிந்ததும் அவர் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வழக்கமாக அப்போதுதான் அந்த வார்த்தை வரும். மட்டைக்காரர் மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தம்மா ஊசி நூலைப் பைக்குள் வைத்தார்.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கடை போய்விடுமே என்று பாதிக் கவலை. மீதிக் கவலை அந்தம்மாவைப் பற்றி. என்னுடைய ஒரு சிரிப்பால் அவருடைய நாற்காலி போய்விட்டதோ என்று. என் பெண்டாட்டி, "ஏன்யா, ஊருல எத்தினியோ பேரு தப்பா சிரைக்கிறான், எவனாச்சும் ஜி.எம். மீசயிலயா கைய வெப்பான்? உன்ன கட்டிகினு நான் படற பேஜாரு" என்று ஆரம்பித்து, சாயங்காலம் வரைக்கும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை டீக்கடைக்காரர்தான் சேதி கொண்டுவந்தார். ஆபீசுக்குள் டீத் தூக்குவாளியோடு போய் வருகிற ஆள் அவர்தான்.

"மாமு, உள்ள போயி பாத்தேன். மீச இல்லாம அந்தாளு மூஞ்சி உரிச்ச முட்ட மாதிரி கீது. ஆனா ஒருத்தன், ஒருத்தன் கூட அத பத்தி வாயத் தொறக்கல. குட்மார்னிங் சாருன்றான், மழ வருமா சாருன்றான். மீசய காணோமேன்னு கேக்க ஒரு நாதி இல்ல. அந்தாளு ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துகினே நின்னாரு."

"அப்றம்?"

"அப்றம் இன்னா, அந்தம்மாவ கூப்ட்டாரு. நான் டீ ஊத்திகினு நின்னேன். 'இந்த ஆபீஸ்ல எனக்கு மீசை இல்லைன்னு தெரிஞ்சது உங்க ஒருத்தருக்குத்தான் போல. டிஸ்பாட்ச் நீங்களே பாத்துக்கோங்க. இப்போதைக்கு'ன்னாரு."

"இப்போதைக்கா?"

"அப்டிதான் சொன்னாரு. அந்தம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'அத டைப் அடிச்சிக் கையெழுத்து போட்டுக் குடுங்க சார்'ன்னுச்சி."

அந்தச் சனிக்கிழமை அந்தம்மா ஒரு கைக்குட்டையில் கேக்கைக் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். "இப்போதைக்குன்னு போட்டு கீறாங்களேமா" என்று நான் இழுத்தேன். "நாற்காலில ஒருத்தர் குந்திட்டா அப்புறம் எழுப்பறது கஷ்டம் மாஸ்டர். எங்க நைனாவ பாத்தீங்கல்ல" என்றார். சொன்ன மாதிரியே ஆயிற்று. டிஸ்பாட்சில் உட்கார்ந்தவர் பிற்பாடு ஹெட் ஆபீசுக்குப் போனார். டைரக்டர்கள் உட்காரும் மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அந்த மேசைக்கு யார் எப்படிப் போகிறார்கள் என்று பேப்பரில் என்னென்னவோ எழுதுகிறார்களாம். மகள் படித்துக் காட்டுவாள். நான் சிரித்துக்கொள்வேன்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்களா? பெரியவர் மறுபடி என் கடைப் பக்கம் வரவில்லை. மீசையை வீட்டிலேயே வளர்த்துக்கொண்டார். அவர் வராததால் மற்ற மூன்று பேருக்கும் சனிக்கிழமை முடி வளர்வது நின்றுபோனது. டீக்கடைக்காரர், "ஒரே ஒரு 'சரக்'குல நாலு கிராக்கிய காலி பண்ணவன் நீதான்யா" என்றார்.

ஆனால் கடை காலியாக இருக்கவில்லை. அந்தம்மாவுக்கு நாற்காலி கிடைத்த கதை ஆபீசுக்குள் ஓடியதோ என்னவோ, ஒரு சனிக்கிழமை டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி தன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் கம்பெனியில் டெலிபோன் எடுக்கிற பெண், அண்ணனோடு. பேக்கிங் செக்ஷனில் வேலை செய்கிற ஒரு அம்மா, முந்தின நாள்தான் ஷேவிங் செய்திருந்த புருஷனை இழுத்துக்கொண்டு வந்தார். அந்த ஆள், "நேத்துதானே பண்ணேன்" என்றதற்கு, "சொம்மா குந்து. இன்னிக்கும் பண்ணிக்க" என்று அதட்டினார். அந்தம்மாவும் நைனாவோடு வருவார். ஆபீசர் ஒருத்தரும் இல்லாத கடையில் இவர்கள் யாரிடம் பேசுவார்கள்? தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். எந்த செக்ஷனில் இடம் காலியாகப் போகிறது, பரீட்சை எழுதினால் யார் பாடம் சொல்லித் தருவார்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து யார் யாரோடு ரயிலுக்கு நடந்து போவது. கொண்டுவந்த ஆம்பளைகளை நான் வரிசையாகச் சிரைத்துக்கொண்டே இருந்தேன். வடசென்னையிலேயே அவ்வளவு வழவழப்பான கன்னங்கள் அந்தப் பெண்கள் வீட்டில்தான் இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஸ்டோர்ஸ் ஆபீசர் வந்து நின்றார். முடி காதை மறைத்து வளர்ந்திருந்தது. பெஞ்சு முழுக்கப் பெண்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று நின்றது. அவர் என்னைப் படிக்குக் கீழே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்பா, இங்க என்னமோ பேசி முடிவு பண்றாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்லை. அநியாயமா இல்லே? அடுத்த ஹெட் கிளார்க் யாருன்னு ஏதாவது காதுல விழுந்துச்சா?" என்றார்.

"நான் முடி வெட்றவன் சார். எனுக்கு இன்னா தெரியும்?"

அவர் தயங்கித் தயங்கிப் படியேறினார். டெலிபோன் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சார், நீங்க யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"நானா? நான்… நானே முடி வெட்டிக்கத்தான் வந்தேன்."

"ஓ, அப்படியா" என்று அந்தப் பெண் யோசித்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பெஞ்சின் ஓரத்தில் ஒரு கை அகலம் இடம் விட்டார்கள். ஸ்டோர்ஸ் ஆபீசர் அதில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார்.